தூங்கும்போது வந்த டால்பின்கள்

டால்பின்கள் வந்தபோது லிஃப்ட் மெக்கானிக், ஒரு கையில் காப்பித் தம்ளரும் இன்னொரு கையில் பல் பிரஷுமாக, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஈர மணலில் நின்றிருந்தார். அவருடைய மனைவி காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் ஏதோ பழைய டயர் மிதக்கிறது என்றுதான் நினைத்தார். டயர் மூச்சு விட்டது. பிறகு பக்கத்திலேயே இன்னொன்று. எண்ணிப் பார்த்தால் ஏழு. கல்லெறி தூரத்தில், வேலைக்குக் கிளம்பிய கூட்டம் மாதிரி வரிசையாக, வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் வந்த சின்னது வரிசையை விட்டு விலகி ஒரு துள்ளு துள்ளியது. மெக்கானிக்கும் கூடவே ஒரு துள்ளு துள்ளினார். காப்பி வலது காலில் கொட்டியது. அது இன்னொரு தடவை துள்ளியதும் இவரும் துள்ள, மிச்சக் காப்பி இடது காலில் கொட்டியது. ஐம்பத்திரண்டு வயதில் அப்படித் துள்ள வரும் என்று அவருக்கே தெரியாது.

அப்புறம்தான் மனைவி ஞாபகம் வந்தது. காருக்கு ஓடி ஜன்னல் கண்ணாடியை ஒரு விரலால் தட்டினார்.

"ஏம்மா. டால்பின். எழுந்திரு."

உள்ளே போர்வை அசைந்தது. ஒரு கை வந்து, போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டது. அவர் திரும்பிப் பார்த்தபோது கடல், கழுவிவிட்ட தரை போல வெறுமையாக இருந்தது.

இன்னும் பலமாகத் தட்டியிருக்கலாம்தான். ஆனால் அது அவரால் ஆகாத காரியம். இருபத்துநான்கு வருஷமாக அவர் காவல் காத்து வந்த ஒரே சொத்து மனைவியின் காலைத் தூக்கம்.

அவள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இரவு டூட்டி. அவர் பகலில் ஊர்முழுக்க லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவர். மகள் சின்னவளாக இருந்தபோது வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும் என்று செய்துகொண்ட ஏற்பாடு அது. மகள் வளர்ந்து, படித்து, கல்யாணமாகிப் போன பிறகும் ஏற்பாடு மட்டும் போகவில்லை. இரவு டூட்டிக்குப் பழகினவளைப் பகலுக்கு மாற்ற எந்த மேலதிகாரிக்கும் மனசு வரவில்லை. இப்போதெல்லாம் காலையில் அவர் கிளம்பி ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் வருவாள். மாலையில் அவள் கிளம்பி அரை மணியில் அவர் வருவார். இடையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவு இருந்தது. 'பால் காய்ச்சியாச்சு.' 'குழாய் சொட்டுது, பார்க்கவும்.' 'பார்த்தாச்சு.' இப்படித்தான் பெரும்பாலும் குடும்பம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். அவள் பகல் முழுக்கத் தூங்குவாள். அவர் வாசல் மணியின் ஒயரைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கதவை மெல்லச் சாத்தும்படி கேட்டுக்கொண்டு, தன் வீட்டிலேயே திருடன் மாதிரி நுனிக்காலில் நடப்பார். அவள் எழுந்து தலை வாரும் நேரத்தில் அவருக்குக் கண் சொக்கும்.

அவர்கள் சந்தித்துக்கொண்டதே ஒரு பழுதான லிஃப்டில்தான். அவள் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் வெளியே திருகாணியோடு போராடினார். பயப்படாமல் இருக்கட்டும் என்று பேச்சுக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தபோது கல்யாணம் ஏறக்குறைய நிச்சயமாகியிருந்தது. அதற்கப்புறம் அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் இருவரும் பேசியதே இல்லை என்று மகள் கிண்டல் செய்வாள். அது கிண்டல் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

முதல் தடவையாக இருவருக்கும் ஒரே சமயத்தில் எட்டு நாள் விடுப்பு கிடைத்தது. என்ன செய்யலாம் என்று அவர் கேட்டார். கடலோரமாகவே காரில் போகலாம், காரிலேயே தூங்கலாம், வழியில் மிருகங்களைப் பார்க்கலாம் என்றாள் மனைவி. அவர் பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து, மெத்தை போட்டு, ஜன்னல்களுக்குத் திரை தைத்து, மடக்கு மேசையும் இரண்டு நாற்காலியும் வாங்கினார். மனைவி கேட்டது மிருகங்கள். மிருகங்களைக் காட்டிவிட வேண்டும். அவளுக்குத் தெரியாமல் அவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அவள் எதையாவது பார்த்து அசந்து நிற்கும்போது பக்கத்தில் தான் நிற்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தடவைகூட வாய்க்கவில்லை. மகள் முதல் அடி எடுத்து வைத்தபோதுகூட அவர் ஒரு பன்னிரண்டாவது மாடியில் இருந்தார்.

ஒன்பது மணிக்குக் கார்க் கதவு திறந்தது. மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினாள். இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி:

"ஏதாவது வந்துச்சா?"

கடிதம் வந்ததா என்று கேட்பவளின் முகம் அவளுக்கு. ஏழு வந்துச்சு, நீ தூங்கிட்டிருந்தே என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

"ஒண்ணும் வரலை. வெறும் அலைதான்."

"கால்ல என்னங்க, காப்பி?"

"கை தவறிடுச்சு."

"ரெண்டு கால்லயுமா?"

"ரெண்டு தடவை தவறிடுச்சு."

அவள் குனிந்து அவருடைய இரண்டு கால்களையும் பார்த்தாள். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு முகம் கழுவப் போனாள். தப்பித்தோம் என்று அவர் நினைத்தார்.

மறுநாள் காலை அவர்கள் ஒரு கழிமுகத்தின் ஓரத்தில் இருந்தார்கள். ஆறு கடலோடு சேரும் இடம், நாணல், சேறு, யாருமில்லை. முந்தைய மாலை வழியில் வாங்கிய இரண்டு பெரிய மீன்களை மனைவி பனிக்கட்டி போட்டு ஒரு வாளியில் மூடி வைத்திருந்தாள். மதியத்துக்குக் குழம்பு என்று ஏற்பாடு.

ஆறு மணிக்கு மெக்கானிக் வழக்கம்போல விசிலடித்தபடி அடுப்பில் தண்ணீர் வைத்தார். தண்ணீர் கொதிப்பதற்குள் நாணலிலிருந்து ஒரு நீர்நாய் வந்தது. அதன் பின்னால் இரண்டு குட்டிகள். தாய் நேராக வாளிக்கு வந்து, மூடியை இரண்டு கையாலும் தூக்கிப் பக்கத்தில் வைத்தது. அந்த நேர்த்தியைப் பார்த்து ஒரு தொழிலாளி என்ற முறையில் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. விரட்ட வேண்டும் என்றே தோன்றவில்லை. ஒரு குட்டி, மீனின் தலையைக் கடிக்க முடியாமல் திண்டாடியபோது அவர் குந்தி உட்கார்ந்து, "மெதுவா. எலும்பு இருக்கு. இந்தப் பக்கமா கடி" என்று சொல்லிக்கொடுத்தார். வாயால் கடிப்பது எப்படி என்று செய்தும் காட்டினார்.

இந்தத் தடவை எப்படியாவது மனைவியை எழுப்பிவிடுவது என்று எழுந்தார். அவர் எழுந்த சத்தத்துக்கு மூன்றும் இரண்டு மீன்களோடு நாணலுக்குள் போய்விட்டன. மூடியை மட்டும் விட்டுப் போயிருந்தன.

"இன்னைக்காவது வந்துச்சா?" என்று ஒன்பது மணிக்கு மனைவி கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் வாளி கண்ணில் பட்டது. மீன் எங்கே என்று அவள் கேட்டதும், கெட்டுப்போயிருந்தது, தூக்கி எறிந்துவிட்டேன் என்றார்.

அவள் பரிசோதனைக்கூடத்துக்காரி என்பது அவருக்கு மறந்துவிட்டது. பனிக்கட்டி இன்னும் உருகவில்லையே, எப்படிக் கெடும் என்று கேட்டாள். செவுள் என்ன நிறத்தில் இருந்தது, விரலால் அழுத்தினால் குழி விழுந்ததா, வாடை எப்படி, புளித்த வாடையா அழுகின வாடையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் நடுவாந்தரமாகப் பதில் சொன்னார். கடைசியில், மோந்து பார்த்ததிலேயே எனக்கு வயிறு ஒரு மாதிரி ஆயிடுச்சு என்று ஒரு வார்த்தை கூடுதலாக விட்டார். நம்புவாள் என்று நினைத்தார். நம்பினாள்.

அன்றைக்கும் மறுநாளைக்கும் அவருக்கு உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சிதான். கேட்டதற்கு, வயிறு சரியாகும்வரை வேறு எதுவும் கூடாது என்றாள். தான் மட்டும் வழியில் ஒரு கடையில் பொரித்த மீன் வாங்கி, அவர் எதிரிலேயே முள் எடுத்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

"இது கெடலை. செவுள் நல்லா சிவப்பா இருந்துச்சு" என்று அவருக்கு நற்செய்தியும் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலைக்கு அவர் அலாரம் வைத்தார். அது அடித்ததும் மனைவி கண்ணைத் திறக்காமலே அதை அணைத்தாள். தன்னுடையது ராத்திரி டூட்டி உடம்பு, விடியக்காலையில் எழுப்பினால் உலகத்திலுள்ள எல்லார் ரத்தத்துக்கும் தப்பாக லேபிள் ஒட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அதற்குமேல் வற்புறுத்துவது அவருடைய இருபத்துநான்கு வருஷ ஒழுக்கத்துக்கே விரோதம். கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு வெளியே வந்தார். அன்றைக்கு ஒரு ஆமை, முட்டையிட்டுவிட்டு நேரம் தப்பிக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் தொடும்வரை அவரும் பக்கத்திலேயே அதன் வேகத்தில் நடந்தார். இருநூறு அடியைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனது. அதைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை.

இப்படியே போனால் கடலிலுள்ள எல்லாவற்றையும் தான் ஒருவனே பார்த்து முடித்துவிடுவோம் என்ற பயம் வந்தது. அவள் எழுந்திருக்கும் நேரத்துக்கு மிருகங்கள் வர வேண்டும், அல்லது மிருகங்கள் வரும் சாயங்கால நேரத்துக்கு அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பெட்ரோல் போடும் இடத்தில் விசாரித்தார். மணல்மேடுகளுக்குப் பின்னால் ஒரு உப்புச் சதுப்பு இருக்கிறது, பொழுது சாயும்போது மான்கள் உப்பு நக்க வரும் என்றார்கள்.

சாலையிலிருந்து இறங்கி அரைக் கிலோமீட்டர் போனதும் கார் மணலில் புதைந்தது. எடுக்கிறேன் என்று அவர் முடுக்க, இன்னும் ஒரு அடி இறங்கியது. சக்கரத்துக்கு அடியில் மடக்கு நாற்காலி ஒன்றை வைத்துப் பார்த்தார். நாற்காலி இரண்டானது. அதற்குமேல் செய்தால் மேசையும் போய்விடும் என்று சொல்லி, மனைவி தானே நடந்துபோய் ட்ராக்டர் கூட்டி வருவதாகக் கிளம்பினாள். தான் போகிறேன் என்று அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. வயிறு சரியில்லாத ஆள் வெயிலில் நடக்கக் கூடாதாம்.

அவர் சட்டையைக் கழற்றிக் கார்க் கண்ணாடியில் மாட்டிவிட்டுக் கையால் மணலை அள்ளிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ மெல்லும் சத்தம் கேட்டது. திரும்பினால் பதினொரு மான்கள். ஒன்று அவருடைய சட்டையின் கையைத் தின்றுகொண்டிருந்தது. வியர்வை உப்பு அதற்குப் பிடித்துவிட்டது போல. அவர் அசையாமல் நின்றார். ஒரு பெண்மான் கிட்ட வந்து அவர் உள்ளங்கையையும் ஒரு தடவை நக்கிப் பார்த்தது. நாக்கு சொரசொரவென்று, உப்புத்தாள் மாதிரி இருந்தது. அவருக்குக் கண் கலங்கியது. தூரத்து மணல்மேட்டைப் பார்த்து, "இப்ப வாயேன்" என்று முணுமுணுத்தார். மான் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் ஒரு அடி வந்தது.

ட்ராக்டர் வர முக்கால் மணி நேரம் ஆனது. வரும்போதே அது போட்ட சத்தத்தில் பதினொன்றும் மறைந்துவிட்டன.

"சட்டைக்கு ஒரு கையைக் காணோமே" என்றாள் மனைவி, இறங்கியதும்.

"சக்கரத்துல மாட்டிக்கிச்சு."

"சட்டையைக் கழட்டி மேலதானே மாட்டியிருக்கீங்க?"

"முதல்ல சக்கரத்துல மாட்டிச்சு. அப்புறம் மேல மாட்டினேன்."

ட்ராக்டர்காரர் இருமிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். மனைவி கிழிந்த சட்டையை வாங்கி மடித்து, எறியாமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். தரை துடைக்க ஆகும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடைசி மூன்று இரவுக்கு அவர்கள் ஒரு கடற்கரை முகாமில் தங்கினார்கள். வரிசையாகக் கார் நிறுத்தும் இடம், பொதுக் குளியலறைகள், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு காவலறை. காவலறையில் இருந்தவள் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. முதல் நாளே விதிகளைச் சொல்லிவிட்டாள். நெருப்பு மூட்டக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, எந்த ஜீவனுக்கும் தீனி போடக் கூடாது. இந்தப் பக்கத்தில் எப்போதாவது திமிங்கலம்கூட வரும் என்றும், காலையில் சூரியன் ஏறுவதற்குள் பார்த்தால்தான் உண்டு என்றும் சொன்னாள். காலை என்ற வார்த்தையைக் கேட்டதும் மெக்கானிக்குக்குச் சோர்வாகிவிட்டது.

மூன்றாவது விதியைத்தான் அவர் மீற வேண்டியிருந்தது. மறுநாள் மதியம் மனைவி குளிக்கப் போன நேரத்தில், இரண்டு ரொட்டிப் பொட்டலமும் ஒரு டின் மீனும் எடுத்துக் காரைச் சுற்றிலும், கொஞ்சம் காரின் கூரைமேலும் தூவினார். ஒரு நீர்நாயாவது, ஒரு நரியாவது வராதா, குளித்துவிட்டு வந்ததும் அவள் பார்க்க மாட்டாளா என்ற ஆசைதான்.

வந்தவை கடற்காக்கைகள். முதலில் நான்கு. அவை போட்ட கூச்சலில் நாற்பது. அப்புறம் எண்ணிக்கை இல்லை. மனைவி வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் குப்பைத் தொட்டியில் தினமும் உட்கார்ந்திருப்பவையும் இதே ஜாதிதான். அவர் துண்டை வீசி விரட்டினார். துண்டையும் ரொட்டி என்று நினைத்து இரண்டு வந்து இழுத்தன. பத்து நிமிஷத்தில் தின்று முடித்துவிட்டு, தின்றதற்கு ஈடாக விட்டுவிட்டுப் போயின. நீல நிறக் கார் வெள்ளை நிறக் காராக நின்றது.

காவல்காரப் பெண் வந்து பார்த்தாள். யார் தீனி போட்டது என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள், ஈரத் தலையோடு வந்த மனைவி பதில் சொன்னாள்.

"யாரும் போடலைம்மா. எங்க கார்னா பறவைகளுக்கு அப்படி ஒரு பிரியம்."

காவல்காரப் பெண் அவளையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், இரண்டு வாளிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு பேரும் சாயங்காலம்வரை காரைக் கழுவினார்கள். அவர் கூரை, அவள் கதவுகள். அவர் நுரையை அடித்ததில் அவள் முகமெல்லாம் நுரை. பதிலுக்கு அவள் ஒரு குவளைத் தண்ணீரை அவர் கழுத்துக்குள் ஊற்றினாள். தேய்த்துக்கொண்டே ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தாள். எங்கோ கேட்ட மெட்டாக இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. அதைவிட, அவள் முணுமுணுப்பாள் என்பதே அவருக்குச் செய்தியாக இருந்தது. வீட்டில் எப்போது முணுமுணுத்திருப்பாள்? அவர் இல்லாத பகலில், அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்கும்போதாக இருக்கும். இன்னும் எதெதெல்லாம் தெரியாமல் இருக்கிறது என்று ஒரு கணம் அவருக்குக் கை ஓடவில்லை. இரண்டு நாளில் விடுப்பு முடிகிறது. மறுபடி பால் காய்ச்சியாச்சு, குழாய் சொட்டுது.

அடுத்த நாள், அதாவது கடைசிக்கு முந்தின சாயங்காலம், இருவரும் மிஞ்சியிருந்த ஒற்றை நாற்காலிக்கு நீயா நானா என்று உபசாரம் செய்து, கடைசியில் இருவருமே மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி காலியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் தணிந்துகொண்டு வந்தது.

அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு ஆரம்பித்தார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதுவதென்றால் சுலபமாக எழுதியிருப்பார்.

"உனக்குன்னு ஒண்ணுமே வரலையேம்மா. இவ்வளவு தூரம் வந்தும்."

"யார் சொன்னா வரலைன்னு?"

"நான்தானே பார்க்கிறேன். காலையில எழுந்து தினமும் கேட்கிறே, நான் இல்லை இல்லைன்னு சொல்றேன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, மேலே இருந்த மணலைத் தட்டிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போய்விட்டாள்.

திரும்பி வர வெகுநேரம் ஆனது. வந்தபோது கண் சிவந்திருந்தது. பின்னாலேயே காவல்காரப் பெண் சாவிக்கொத்தோடு தன் அறைக்குப் போனாள். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனாள். போகும்போது மெக்கானிக்கை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

அழுதிருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. ஏமாற்றத்தை என்னிடம் சொல்ல மனமில்லாமல் ஊர்பேர் தெரியாத ஒருத்தியிடம் போய்ச் சொல்லி அழுதிருக்கிறாள். அவளுக்குச் சேர வேண்டியதையெல்லாம் நான் ஒருவனே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குப் பெயர் திருட்டுதான். அப்போதே அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

கடைசி நாள் காலை அவர் வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தார். மனைவி மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஓசைப்படாமல் இறங்கி, இருந்த ஒரே நாற்காலியைக் கொண்டுவந்து, கடலுக்கு முதுகைக் காட்டி, காரைப் பார்த்தபடி போட்டு உட்கார்ந்தார். இனி அவள் பார்க்காத எதையும் தானும் பார்ப்பதில்லை. விசில்கூட அடிக்கவில்லை.

வெளிச்சம் வந்ததும் ஒரு சிக்கல் தெரிந்தது. கார் ஜன்னல் கண்ணாடியில் கடல் முழுசாகத் தெரிந்தது. அலைகூட எண்ணலாம் போலிருந்தது. அவர் பார்வையைத் தாழ்த்தி முன்சக்கரத்தின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டயரில் பார்க்க அதிகம் இல்லை. மேல்வரிகள் தேய்ந்திருந்தன, ஊருக்குப் போனதும் மாற்ற வேண்டும்.

ஆறே கால் மணிக்கு அவருக்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்டது.

பழைய கட்டடத்தில் பெரிய லிஃப்ட் ஒன்று அடித்தளத்தில் வந்து நிற்கும்போது விடும் காற்று மாதிரி, நீளமாக, ஆழமாக, கூடவே மழை விழுவது போன்ற சத்தம். பிறகு நிசப்தம். பிறகு மறுபடியும் அதே மூச்சு, இன்னும் கிட்டத்தில். அவருடைய பின்கழுத்து மயிர் எழுந்து நின்றது. கழுத்து தானாகவே திரும்பப் பார்த்தது. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

காவல்காரப் பெண் சாவிக்கொத்து குலுங்க ஓடி வந்தாள்.

"அண்ணே. பின்னாடி. திமிங்கலம்ணே. குட்டியோட வந்திருக்கு."

"தெரியுது."

"தெரியுதா? நீங்க டயரைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

"காதுல கேட்குதும்மா." அவர் டயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ எழுந்திருக்கட்டும். அவ பார்க்காம நான் பார்க்கிறதா இல்லை."

"அது நிக்காதுண்ணே. பத்து வருஷமா இங்க இருக்கேன், ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன்."

"இருக்கட்டும்."

"அப்ப அவங்களை எழுப்பவாவது எழுப்புங்க."

"எழுப்ப மாட்டேன். டூட்டி பார்த்து டூட்டி பார்த்துக் களைச்ச உடம்பு. நாளையில இருந்து மறுபடி ராத்திரி முழுக்க முழிக்கணும். தூங்கட்டும்."

கடல் மூன்றாவது தடவை மூச்சு விட்டது. இந்தத் தடவை நீர்த்துளிகள் காற்றில் வந்து அவருடைய முதுகை நனைத்தன. பக்கத்தில் சின்னதாக இன்னொரு மூச்சு, குழந்தை தும்மியது போல. மெக்கானிக் கண்களை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் வந்தது. எட்டு நாளும் தன்னிடம் ஓடி ஓடி வந்தவற்றில் இதுதான் மிகப் பெரியது என்று முதுகாலேயே அவருக்குத் தெரிந்தது.

காவல்காரப் பெண் கடலைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். யாருக்கோ கொடுத்த வாக்கை மீறுவதா வேண்டாமா என்று தவிப்பவள் மாதிரி சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். பிறகு குனிந்து, அவர் காதோரமாக, காருக்குள் கேட்காத குரலில் சொன்னாள்:

"அக்கா தூங்கலைண்ணே, நேத்தே எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாங்க, டால்பினோட நீங்க குதிச்சதுல இருந்து மான்கிட்ட கையை நீட்டினது வரைக்கும் ஒண்ணு விடாம பார்த்திருக்காங்க, மான் வந்தப்ப மணல்மேட்டுக்குப் பின்னாலயே நின்னுக்கிட்டு இருந்தாங்களாம், இத்தனை வருஷமா பார்க்கக் கிடைக்காத மனுஷனைப் பார்க்கத்தான் தினமும் திரையை விலக்கி வச்சுட்டுத் தூங்குற மாதிரி படுத்திருக்காங்களாம், அதனால கொஞ்சம் திரும்புங்கண்ணே, அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."